யூகிரி புத்தகத்தின் எழுபத்தொன்றாம் பக்கம்

மெய்ப்புப் பார்ப்பது எப்படி என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது, எந்தக் குறியை எந்த ஓரத்தில் போடுவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதில் எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. படிக்கிறவருக்கு நன்றாகவே இருக்கும். நானே யோசித்துப் போட்ட சொல் அது. இப்போதும் யாராவது எழுதியதில் அது வந்தால் என் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

தொண்ணூற்று நான்காம் வருடம். ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த சின்னப் பதிப்பகத்தில் நான் எடிட்டர். மாடியில் நாங்கள், கீழே பைண்டிங். போர்க்கப்பல்களைப் பற்றி வரிசையாகப் புத்தகம் போட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. முதல் புத்தகம் ஜப்பானின் ஃபுபுகி வகைக் கப்பல்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய டெஸ்ட்ராயர்கள் அவை. நாசகாரிக் கப்பல் என்று தமிழில் எழுதினோம். பெரிய கப்பல்களுக்குக் காவலாகப் போகும், எதிரிக் கப்பலைக் கண்டால் பாய்ந்து போய் டார்ப்பிடோ விடும்.

எழுதியவர் கடற்படையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அடையாறில். ஆபீசில் எல்லோருக்கும் அவர் ‘அடையாறு சார்’. பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக எழுதித் தருவார். அதைப் படிக்கிற தமிழாக மாற்றுவது என் வேலை. சனிக்கிழமை காலைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். எனக்குக் கப்பல் புரியவில்லை என்று ஒருநாள் வாளித் தண்ணீரில் சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, அதன் மேல் தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார்.

“ஒடம்பு லேசா இருக்கணும், வேகம் வேணும், ஆயுதமும் மத்தவாளைவிட ஜாஸ்தி வேணும். ஜப்பான்காரன் மூணையும் கேட்டான். டிசைன் பண்றவா குடுத்துட்டா. ஆறு பீரங்கி, ஒம்பது டார்ப்பிடோ குழாய். பீரங்கிக்காரன் மேல அலை படாம இரும்புக் கூண்டு வேற. அந்தக் காலத்துல எந்த டெஸ்ட்ராயர்லயும் இது கெடையாது. சரி, இவ்வளவையும் மேல ஏத்தினா என்ன ஆகும், சொல்லு.”

“கவிழ்ந்துடும் சார்.”

“கவுறலை. அதான் சிக்கல். ஆறேழு வருஷம் நன்னா ஓடிண்டிருந்தது. ஒருத்தருக்கும் சந்தேகமே வரலை.”

முப்பத்தைந்தாம் வருடம் ஒத்திகைக்குப் போன கடற்படை புயலில் மாட்டியது. இந்த வகையில் இரண்டு கப்பல்களின் முன்பகுதி, உள்ளே இருந்த ஆட்களோடு, அப்படியே பிய்ந்துபோனது. அந்த இரண்டில் ஒன்றின் பெயர் யூகிரி. மாலை மூடுபனி என்று அர்த்தமாம். அதற்கப்புறம்தான் எல்லாக் கப்பல்களையும் திரும்பக் கொண்டுவந்து, தகடுகளைப் பலப்படுத்தி, அடியில் பாரம் சேர்த்தார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தது. முகம் போன யூகிரிக்குப் புது முகம் வைத்துத் தைத்தார்கள்.

அடையாறு சாருக்கு யூகிரி மேல் தனிப் பிரியம். அது எங்கெங்கே போனது, எந்தச் சண்டையில் என்ன செய்தது என்று பெற்ற பிள்ளையின் கதை மாதிரி எழுதியிருந்தார். நாற்பத்திரண்டாம் வருடம் ஏப்ரலில் அது நம் வங்கக் கடலுக்கே வந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியான அதே நாட்கள். யூகிரி இருந்த அணி சில சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. அதில் ஒன்று கரியில் ஓடும் பழைய கப்பல். அதன் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன், காரணம் போகப் போக உங்களுக்கே தெரியும்.

அந்த இடத்தில்தான் நான் கையை வைத்தேன். அத்தியாயம் அங்கே முடிகிறது. அடையாறு சார் மூன்று வரி எழுதியிருந்தார். கப்பல் மூழ்கியது. அதிகாரிகளில் சிலர் இருந்த படகு ஒன்று ஒரிசாக் கரை சேர்ந்தது. மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. எனக்கு அது சப்பென்று இருந்தது. இவ்வளவு பெரிய சண்டைக்கு அப்புறம் அத்தியாயம் ‘தகவல் இல்லை’ என்று முடிந்தால் யார் பக்கத்தைத் திருப்புவார்கள்? புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் அரசு நூலகத் தேர்வுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. மூன்று வரியையும் அடித்துவிட்டு, “கப்பலோடு அனைவரும் கடலில் மாண்டனர்” என்று எழுதினேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். ஓசை நன்றாக இருந்தது. எழுந்து போய் டீ குடித்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலை. எழுபத்தொன்றாம் பக்கம் இருந்த ஐந்தாவது ஃபாரம், பதினாறு பக்கம் கொண்ட பெரிய தாள், அச்சாகிக் கீழே மடிப்புக்கு வந்திருந்தது. பைண்டிங்கில் இருந்த லோகநாயகி மாடி ஏறி வந்தார். லோகம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, கை வேகம். மடித்த ஃபாரத்தை என் மேஜையில் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

“மேடம், இந்தப் பேர கொஞ்சம் படி.”

கப்பலின் பெயரைப் படித்தேன்.

“நானும் அப்டித்தான் படிச்சேன். எங்கப்பா போன கப்பலு இது.”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. லோகம்மா நின்றபடியே சொன்னார். அப்பா பெயர் துரைக்கண்ணு. கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவர் போகும்போது லோகம்மா கைக்குழந்தை. அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. இன்ன கப்பலில் வேலை பார்த்த துரைக்கண்ணு, கப்பல் காணாமல் போய்விட்டது, மேற்கொண்டு தெரிந்தால் எழுதுகிறோம். அப்புறம் யாரும் எழுதவில்லை.

“இங்க போட்டுக்கீது பாரு. அனைவரும் மாண்டனர். அல்லாரும் பூட்டாங்கன்னுதான அர்த்தம்?”

“ஆமா,” என்றேன்.

“அம்பத்திரெண்டு வருசம் மேடம். எங்கம்மாவாண்ட ஒருத்தர்கூட இத்த நேரா சொல்லல. பொழச்சு ரங்கூன் பக்கம் கீறாருன்னு ஒருத்தன் சொல்வான். ஜெயில்ல கீறாருன்னு இன்னொருத்தன். எங்கம்மா நெத்தில பொட்ட அழிக்காம ஒக்காந்துக்கினு கீது. இப்பதான் புக்குலயே வந்துடுச்சே. அரை நாள் லீவு குடு, போய் சொல்லிட்டு வந்துர்றேன்.”

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வரியை நான்தான் எழுதினேன் என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கையெழுத்துப் பிரதியில் வேறு என்னவோ இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. ‘கொஞ்சம் இருங்க, பார்த்துச் சொல்றேன்’ என்றால் போதும், நான்கே சொற்கள். என் வாயிலிருந்து வந்ததோ, “சரி, போயிட்டு வாங்க.” அவர் ஃபாரத்தைச் சுருட்டாமல், மடிப்புக் கலையாமல், முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டு படி இறங்கினார். செருப்புச் சத்தம் சந்து முனை வரை கேட்டது. அப்புறம்தான் நான் அலமாரியைத் திறந்து பிரதியை எடுத்தேன்.

மூன்று வரிகளும் அங்கே இருந்தன. என் சிவப்புக் கோடு அவற்றின் மேல் நேராக ஓடியிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“என்னம்மா இது, நாளன்னிக்குக் கடைசி நாள். இப்பப் போய் பக்கத்தை மாத்தணும்கிறியே. தப்புன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

“அவங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லியிருப்பாங்க சார், இந்நேரம்.”

“அதான் நானும் சொல்றேன். அந்த அம்மாவுக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு முடிவு கெடச்சிருக்கு. நீ போய் அதைக் கலைக்கப் போறியா? அது பாவமில்லையா?”

உட்கார முடியவில்லை. பிரதியையும் அச்சான தாளையும் பையில் போட்டுக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறினேன். ஒருவேளை அவரிடம் வேறு ஏதாவது ஆதாரம் இருக்கும், எல்லோரும் இறந்தது உண்மை என்றே ஆகிவிடும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். நினைத்துப் பாருங்கள், என் ஒரு சொல் சரியாக வேண்டும் என்பதற்காகக் கப்பல் நிறைய ஆட்கள் செத்திருக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

அடையாறு சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“நான் இப்படி எழுதலையே.”

“நான் மாத்தினேன் சார்.” லோகம்மா வந்து கேட்டதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய்த் தன்னிடம் இருந்த மெய்ப்பை எடுத்துவந்தார். எழுபத்தொன்றாம் பக்கத்தில் பீரங்கியின் அளவில் ஒரு எண்ணைத் திருத்தியிருந்தார். அதற்கு நான்கு வரி கீழே ‘அனைவரும்’. பக்கத்தின் அடியில் அவருடைய டிக்.

“படிச்சிருக்கேன். டிக் போட்டிருக்கேன். யூகிரி பத்தி எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துண்டு போயிருக்கேன்.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தன்னிடம் இருந்த கோப்புகளை எல்லாம் இறக்கினார். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கப் புரட்டினோம். அந்தக் கரிக் கப்பலைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இருந்தன. கேப்டன் பெயர், மற்ற அதிகாரிகள் பெயர், படகு கரை சேர்ந்த செய்தி. கரி போட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது அந்தப் படகில் இருந்தார்களா என்று இரண்டிலும் ஒரு எழுத்து இல்லை.

“அந்தப் பொண்ணோட ஆத்துல யார் இருக்கா?”

“அம்மா மட்டும்தான் சார்.”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். “சொல்லாம விட்டுடலாம்னு உனக்குத் தோணறதா?”

“தோணுது.”

“எனக்கும் தோணறது. நம்ம ரெண்டு பேருக்கும் அதுதான் சௌகரியம். அதனால நீ போய்ச் சொல்லிடு.”

வியாழக்கிழமை லோகம்மா வேலைக்கு வரவில்லை. நந்தனத்துக்குப் பின்னால், ஆற்றோரக் குடிசைகளில் அவர் வீடு. விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துக்க வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது.

உள்ளே சுவரோரம் ஒரு விளக்கு. துரைக்கண்ணுவுக்குப் போட்டோ கிடையாது. அதனால் நான் எழுதிய அந்த ஃபாரத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, அதற்குச் சாமந்திப் பூ போட்டிருந்தார்கள். எழுபத்தொன்றாம் பக்கம் மேலே தெரியும்படி மடிக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள், பெயர் கன்னியம்மா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி வெறுமையாக இருந்தது. ஐம்பத்திரண்டு வருடம் பொட்டு இருந்த இடம் மட்டும் மற்ற தோலைவிட வெளுத்து வட்டமாகத் தெரிந்தது.

“எங்க ஆபீஸ் மேடம்மா. அந்த புக்க எழுதுனவங்க,” என்றார் லோகம்மா. எல்லோரும் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். யாரோ சோடா வாங்கிவரப் போனார்கள். நான் உட்காரவில்லை.

“அம்மா, அந்தப் பக்கத்துல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் செத்துட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஒரு படகு கரைக்கு வந்திருக்கு. அதுல யார் யார் இருந்தாங்கன்னு தெரியல. உங்க வீட்டுக்காரர் இருந்தாரா இல்லையான்னும் தெரியல. ‘அனைவரும்’னு போட்டது நான். எந்த ஆதாரமும் இல்லாம போட்டேன்.”

முதலில் வாய் திறந்தது லோகம்மாதான்.

“நேத்து நான் கேட்டனே. அர்த்தம் அதானான்னு கேட்டனே. ஆமான்னு சொன்னியே மேடம். அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“சந்தேகமா இருந்துது. சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. “ஒன் எழுத்த நம்பி எங்கம்மா வளையல ஒடச்சேன் நானு,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கன்னியம்மா பக்கத்தில் தரையைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

“அந்த ஜப்பான் கப்பலு இன்னாச்சு?”

“அதுவும் மூழ்கிடுச்சும்மா. அடுத்த வருஷம், வேற ஒரு சண்டையில.”

“அதுல கீறவங்க?”

“கொஞ்சப் பேரை ரெண்டு நீர்மூழ்கிக் கப்பல் வந்து காப்பாத்திச்சு.”

“எத்தினி பேருன்னு கீதா?”

இருந்தது. எங்கள் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், ஒற்றை எண் வரை இருந்தது. அடையாறு சார் அந்த எண்ணை மூன்று இடங்களில் சரிபார்த்திருந்தார். சொன்னேன்.

அந்த அம்மாள் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். “குண்டு போட்டவன எண்ணிக்கீறாங்க. எங்க ஊட்டுக்காரன எண்ணல.”

அவரே மேலும் சொன்னார்.

“ஊரே மூட்ட கட்டிக்கினு ஓடிச்சு அப்போ. ரயில்ல எடம் இல்ல. வா வான்னு எங்கம்மா கூப்ட்டா. நான் போவல. அந்தாளு திரும்பி வந்தா ஊட்ல ஆள் இருக்க வேணாமா? இவள இடுப்புல வெச்சிக்கினு ஒண்டியா இருந்தேன் அந்தத் தெருவுல.” சுவரில் சாய்த்திருந்த தாளைப் பார்த்தார். “வரமாட்டான்னு எனக்கு எப்பவோ தெரியும். யாராச்சும் ஒருத்தர் வாயால சொல்லட்டும்னு பாத்தேன். அவ்ளோதான்.”

“அப்போ... நான் சொன்னது...”

“இரு. நீ சொன்னதுக்காவ நான் பொட்ட எடுக்கல. நான் எடுக்கணும்னு எடுத்தேன். திருப்பி வெக்கறதும் வெக்காததும் என் நெத்தி, நான் பாத்துக்கறேன். ஒன் வேல இன்னா? புக்குதான? போய் அத்த மாத்து. தெரியலன்னா தெரியலன்னு போடு.”

சோடா வந்தது. குடிக்கச் சொன்னார், குடித்தேன். வெளியே வந்தபோது லோகம்மா ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஒரு தாளை மட்டும் புதிதாக அச்சடிக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். முடியாவிட்டால் என் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த அம்மாளிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றும் சொன்னேன். அரை மணி நேரம் சத்தம் போட்டார். பிறகு அவரே அச்சகத்துக்குப் போன் செய்தார். நூலகத் தேர்வுக்கு அந்த வருடம் எங்கள் புத்தகம் போகவில்லை. அதை அவர் வெகுநாள் சொல்லிக்காட்டினார், ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

புது வரிகளை அடையாறு சாரும் நானும் சேர்ந்து எழுதினோம். லோகம்மாவின் வீட்டிலிருந்த கம்பெனிக் கடிதத்தை சாரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “கப்பல் மூழ்கியது. அதிகாரிகளில் சிலர் இருந்த படகு ஒன்று ஒரிசாக் கரை சேர்ந்தது. அதில் வேறு யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. கப்பலில் கரி போட்டவர்களின் கணக்கு நமக்குக் கிடைத்த ஏடுகளில் இல்லை. அவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த துரைக்கண்ணு.” ஓசை ஒன்றும் பிரமாதமில்லை.

பிழை செய்யாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை, செய்வீர்கள். உங்கள் பிழையை நம்பி ஒருவர் படி இறங்கும்போது, சந்து முனைக்குப் போவதற்குள் ஓடிப்போய் நிறுத்துங்கள். நான் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் வைத்துவிட்டுப் போக எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை லோகம்மா வேலைக்கு வந்தார். பழைய தாளை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தாளை ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும். வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்து, பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒட்டுவதற்கு முன் முதல் தாளை என் முன்னால் வைத்தார்.

“இது ஒனக்கு எப்டித் தெரியும்?” என்று முதல் வரியில் விரலை வைத்தார்.

“ரெண்டு அறிக்கையில இருக்கு.”

“இது?”

“அதுவும் அதுலயே இருக்கு. சார் காட்டுவார், வேணும்னா வாங்க.”

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அப்பாவின் பெயரில் வந்து நின்றது.

“அது உங்க வீட்டுக் கடுதாசில இருக்கு.”

“நீயா சேத்தது எது இதுல?”

நான் தாளை வாங்கி மறுபடி படித்தேன். “நமக்குக் கிடைத்த ஏடுகளில்னு இருக்கு பாருங்க. அந்த ‘நமக்குக் கிடைத்த’ மட்டும் என்னோடது. நாங்க பாக்காத ஏடு எங்கயாவது இருக்கலாம். அதுல அவங்க கணக்கு இருக்கலாம்.”

லோகம்மா அந்த இரண்டு சொற்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார்.

“அது இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பிரஷைப் பசையில் தோய்த்தார்.